சேர்த்தால்தான் கேட்கும்

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் அசையவில்லை. கண்ணாடித் தொட்டியில் ஆட்டின் மூச்சுக்குழல் துண்டைத் தொங்கவிட்டு, சுருங்க ஒரு மருந்து. சுருங்கியபின் தளர்த்த இரண்டு மருந்துகள், தனித்தனியாகவும் சேர்த்தும். இதுதான் என் ஆய்வு. குழல் முதல் மருந்துக்கே மசியவில்லை. சுருங்காததை எப்படித் தளர்த்துவது? வழிகாட்டி எபனேசர் சார், “இந்த மாசத்துக்குள்ள ஆறு குழல் முடியணும்மா, இல்லன்னா தீசிஸ் அடுத்த வருசந்தான்” என்றார்.

வீட்டில் உம்மாவுக்கு இளைப்பு. இன்ஹேலர் பீரோவுக்குள், அட்டைகூடப் பிரிக்காமல். “அதப் பழகிட்டா விடவே முடியாதாம்லா” என்கிறாள். மூச்சுக்குழலில் முனைவர் பட்டம் வாங்கப்போகிறவளைப் பெற்றவள்.

ஜூலை 9

காரணம் தெரிந்தது. மேலப்பாளையம் கறிக்கடை அசன் மைதீன் மாமாதான் எனக்குக் குழல் தருபவர். இன்று சீக்கிரமே போய்விட்டேன். என் குழலை மஞ்சள் போட்டு வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தார். “படிக்கிற புள்ளைக்கு அழுக்கோடயா குடுப்பேன்?” என்கிறார். மூன்று வாரமாக வெந்த தசையிடம் பதில் கேட்டிருக்கிறேன்.

அலசாமல், நான் தரும் குளிர்ந்த கரைசலில் போடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். “இளைப்புக்கு மாமா.” அதற்குள் பஸ் வந்துவிட்டது.

ஜூலை 10

சுருங்கியது. பிறகு தளர்ந்தது. இரண்டு மருந்தும் சேர்ந்தபோது இன்னும் நன்றாக. ஆய்வகத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 18

நான்கு முடிந்தது. இன்னும் இரண்டே.

ஜூலை 21, திங்கள்

குழல் இல்லை. “எல்லாம் போயிட்டும்மா. இளைப்புக்குக் கேக்குதுன்னு ஊரே சூப்பு வைக்காவ. காலேஜிலயே ஆராய்ச்சி பண்ணுதாவன்னு நாந்தான் சொன்னேன்” என்றார் மாமா, பெருமையாக. என் ஆய்வு எந்த இதழிலும் வெளிவரவில்லை. கறிக்கடையில் வந்துவிட்டது. அவரைத் திட்டவும் முடியவில்லை.

ஜூலை 26

சாரல் காற்று. உம்மாவுக்கு இளைப்பு கூடிவிட்டது, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை. அடுப்பில் சூப். உள்ளே இரண்டு குழல் — என் ஐந்தும் ஆறும். “நீ கண்டுபிடிச்சது... தானளா” என்றாள். நெஞ்சில் விசில் சத்தம். கத்த வாயெடுத்தேன். பயம்தான் வந்தது. இவளிடம் எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்?

சொன்னேன்: “சூப்பு தனியாக் கேக்காதும்மா. இன்ஹேலரும் சேத்துத்தான் எடுக்கணும். எங்க ஆராய்ச்சியில அப்படித்தான் வந்திருக்கு.”

“அத மொதல்லயே... சொல்ல வேண்டியதான” என்று பீரோவைக் கைகாட்டினாள். கால் மணி நேரத்தில் இளைப்பு தணிந்தது. பிறகு டாக்டரிடமும் வந்தாள்.

ஜூலை 31

நான்கோடு நின்றது. அடுத்த வருடம்தான். எபனேசர் சாரிடம் காரணம் சொன்னேன். சிரிப்பை அடக்க இருமினார்.

உம்மா இன்று நிற்காமல் மாடியேறித் துணி காயப்போட்டாள். பக்கத்து வீட்டு மும்தாஜ் பேகத்துக்கும் இளைப்பு உண்டு. அவரிடம் மதில் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “சூப்புதான் கேக்குது. ஆனா இன்ஹேலரும் சேத்து எடுக்கணுமாம், எம்மவ சொல்லுதா.”

மும்தாஜ் பேகம் பீரோ சாவியைத் தேட உள்ளே போனார்.