டாக்டரம்மாவும் கம்பவுண்டரும்

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

நலம்தானே? மாமாவின் முதுகுவலி குறைந்ததா? போனில் கேட்டால் "இரு, இஸ்திரிப் பெட்டி காயுது" என்று நழுவிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

எங்கள் பெண் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. வயதும் நாலுதான், வாய் மட்டும் நாற்பது. தத்தெடுக்கும்போது அழுவாள், அடம்பிடிப்பாள் என்று என்னென்னவோ சொல்லிப் பயமுறுத்தினார்கள். அப்படி ஒன்றுமில்லை. ஆனால் "உங்க வீட்டுல சோறு நல்லா இருக்கு", "உங்க நாற்காலி ஆடுது" என்கிறாள். நான் பஸ் ஓட்டிவிட்டு வந்தால், "உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு" என்று என் பெண்டாட்டியிடம் சொல்கிறாள். 'எங்க' என்ற சொல் மட்டும் அவள் வாயில் வருவதே இல்லை. விருந்தாளியை வளர்க்கிற மாதிரி இருக்கிறது அக்கா, மனசு கஷ்டப்படுகிறது.

நம் டாக்டரம்மாவையும் கம்பவுண்டரையும் அனுப்பி வை. அம்மாவுக்கு அவள் சித்தி பழந்துணியில் தைத்துக் கொடுத்தது, பிறகு உனக்கு, உன்னிடமிருந்து நான் பிடுங்கியது, அப்புறம் உன் பையன்கள். இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் அந்த இரண்டு துணிப் பொம்மைகளையும் எச்சில் பண்ணித்தான் வளர்ந்தோம். இவளும் பண்ணட்டும். அத்தை அனுப்புவாள் என்று சொல்லிவிட்டேன்.

உன் தம்பி

மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

என் முட்டிவலியை விசாரிக்காமல் மாமாவின் முதுகை விசாரித்ததற்கு நன்றி.

பொம்மைகள் பரண்மேல் பெட்டியில் இருக்கின்றன, சாவிதான் எங்கேயோ மாட்டிக்கொண்டது. தேடுகிறேன். அதுவரை குழந்தைக்குப் புதுப் பொம்மை ஒன்று அனுப்பியிருக்கிறேன். கண் சிமிட்டும், வயிற்றை அமுக்கினால் பாடும். லாண்டரியில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

அக்கா

மார்ச் 21

அக்கா,

உன் பொம்மை வந்தது, பாடியது. "உங்க அக்கா பொம்மை நல்லாப் பாடுது" என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டாள்.

கடிதத்தில் சாவியைக் காணோம் என்றாய். போன வாரம் போனில் பரணில் எலி என்றாய். நேற்று மாமாவைக் கேட்டேன். "மாப்பிள்ளை, என்னை மட்டும் எதுவும் கேக்காதீங்க" என்று மென்று விழுங்கினார்.

நேராகவே கேட்கிறேன். நம் ரத்தம் இல்லாத பிள்ளைக்கு நம் அம்மாவின் பொம்மை எதற்கு என்று நினைக்கிறாயா? அப்படியென்றால் சொல்லிவிடு. இனி கேட்க மாட்டேன், அந்தப் பக்கம் வரவும் மாட்டேன்.

தம்பி

மார்ச் 25

அட மடையா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். துணி வாங்க வந்தவர் தன் சட்டை தீய்ந்துவிட்டது என்று நினைத்துப் பதறிப்போனார்.

உண்மையைச் சொல்கிறேன், சிரிக்காதே. உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கே பெட்டியைத் திறந்துவிட்டேன். என் மருமகளுக்கு நான் அனுப்பும் முதல் சாமான், அழுக்காகப் போகக் கூடாது என்று நினைத்தேன். ஒரு லாட்ஜின் தலையணை உறைகளோடு சேர்த்துக் கொதிக்கிற தண்ணீரில் மிஷினில் போட்டேன். கலர் துணியைத் தனியாகப் போடுங்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான்! கம்பவுண்டரின் சிவப்புக் கால்சட்டை சாயம் விட்டு, டாக்டரம்மா ரோஸ் கலராகிவிட்டாள். கம்பவுண்டர் பாதியாகச் சுருங்கிவிட்டார், மூக்கும் இல்லை. லாட்ஜ் மேனேஜரின் தலையணை உறைகளும் ரோஸ். அவர் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உனக்குத் தெரிந்தால் வாழ்நாள் முழுக்கக் கேலி செய்வாயே என்று மறைத்தேன். புதுசாக இரண்டு தைத்தும் பார்த்தேன். யாரோ வழிப்போக்கர்கள் மாதிரி இருந்தார்கள், தூக்கிப் போட்டுவிட்டேன். இருக்கிற கோலத்திலேயே இவர்களை அனுப்புகிறேன். குழந்தைக்குக் கோபம் வந்தால் என்னைத் திட்டச் சொல். ரத்தமாம் ரத்தம்! நேரில் வந்து உன் காதைத் திருகினால்தான் எனக்கு ஆறும்.

உன் அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். காதும் தயாராக இருக்கிறது.

பார்சலைப் பிரித்து இருவரையும் தரையில் கிடத்திக் குழந்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "இவங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தலையணை வந்த இடத்தில் விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். மறுபடி படிக்கச் சொன்னாள். மொத்தம் ஆறு தடவை படித்தேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு டீச்சர் வந்தார். இவள் இரண்டு பேரையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "பாருங்க டீச்சர், எங்க அத்தை இவங்களை வேகவச்சுட்டாங்க!"

நானும் வாசலுக்குப் போனேன். "யாரு வேகவச்சாங்க?" என்று கேட்டேன். எனக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பாள் போல, பக்கத்தில் வந்து கத்தினாள்: "எங்க அத்தை!"

உன் தம்பி பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே நானும் போனேன்.

திட்டச் சொன்னாயே, நீ செய்த காரியத்தை இப்போது தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் தடுக்கவில்லை.

இப்படிக்கு,
உன் மருமகளின் அப்பா