பெஞ்சில் உட்கார்ந்த கும்பல்

மரியாதைக்குரிய ஐயா,

உங்கள் குரங்குக் குல்லா கிடைத்துவிட்டது. நேற்று பரணிலிருந்து பாயை இழுத்தபோது கூடவே தலையில் விழுந்தது. இத்தனை வருஷம் கழித்தும் பாச்சா உருண்டை வாசம் போகவில்லை. போன வாரம்தான் பேப்பரில் கறுப்புக் கட்டத்துக்குள் உங்கள் படத்தைப் பார்த்தேன். செத்தவர்களைப் பற்றி நல்லதே பேச வேண்டுமாம். காலையிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். உங்களுக்கு நல்ல பல்வரிசை. அதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை.

ஏலமலை, குளிரும் என்று யாரோ சொல்லி அனுப்ப, போடி பஸ் ஸ்டாண்டு வெயிலில் அந்தக் குல்லாவோடு வந்து இறங்கினீர்கள். கும்பல்களை அடக்கப் போலீசில் எங்கெங்கே தனிப்படை இருக்கிறது, அவை என்ன செய்கின்றன என்று நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு. அதற்குத் திட்டம் போடுகிறவர் நீங்கள். கேள்விகள் சரிதானா என்று பார்க்கச் சில ஊர்களில் வெள்ளோட்டம். எங்கள் ஊர் அதில் ஒன்று. தில்லியில் வளர்ந்த உங்கள் தமிழ் பேசும், எழுதாது. நானோ பி.ஏ. முடித்து, வாரப் பத்திரிகைகளுக்குத் துணுக்கு அனுப்பி, அவை போன வேகத்திலேயே திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். இங்கிலீஷ் கேள்விகளைத் தமிழில் வாசித்துக் காட்ட என்னைப் பிடித்தீர்கள்.

முதல் நாள் ஸ்டேஷனில், தனிப்படை உண்டா என்று கேட்டோம். மீசைக்கு மை பூசிய இன்ஸ்பெக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரோரம் கடலை தின்றுகொண்டிருந்த போலீஸ்காரர்களைக் காட்டி, “இந்தா நிக்கிறாங்கள்ல, இவங்கதேன். ஏலக்காத் திருட்டுக்குன்னே தனியா வச்சிருக்கோம்” என்றார். கடலைக்காரர்களுக்கே அது புதுச் செய்தி.

“எந்தக் கும்பலுக்காக?” என்று அடுத்த கேள்வியை வாசித்தேன்.

“நாளைக்குக் காலையில வாங்க. காட்டுறேன்.”

வெளியே வந்ததும் சொன்னேன்: “ஐயா, இங்க கும்பல் கிடையாது. நாம கேட்டா ஒண்ணு உண்டாக்கிருவாங்க.” நீங்கள் சிரித்தீர்கள். அந்தப் பல்வரிசையை அப்போதுதான் பார்த்தேன். “கேள்வி எதையும் உண்டாக்காது தம்பி. இருப்பதை அளக்கும்” என்றீர்கள். பிறகு என் மைத்துனன் தங்கப்பாண்டியின் ஜீப்பில் குரங்கணிக்குப் போய் மலை பார்த்து, அவன் வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடித்து, குல்லாவை அவன் வண்டியிலேயே மறந்துவிட்டு வந்தீர்கள்.

மறுநாள் ஸ்டேஷன் பெஞ்சில் கும்பல் தயாராக உட்கார்ந்திருந்தது. மூன்று பேர் மூட்டை தூக்குகிறவர்கள். நான்காவது ஆள் தங்கப்பாண்டி.

“டீக்கடையில நின்னோம் மச்சான்” என்றான். “ஏலக்காக் கும்பல்னு கூட்டியாந்துட்டாங்க.”

கேசு விழுந்தால் லைசென்சு போகும். லைசென்சு போனால், ராசிங்காபுரத்தில் பேசி வைத்திருந்த பெண்ணும் போகும். உங்களைத் தனியே அழைத்துக் கெஞ்சினேன். “உங்களுக்குக் காட்டத்தான் உக்கார வச்சிருக்கார். இவங்க கும்பல் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்ருவார்.”

மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, “கணக்கெடுக்கிறவன் களத்தில் கை வைக்கக் கூடாது” என்றீர்கள். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. பென்சிலோடு அவன் முன்னால் போய் நின்று, “உங்க கும்பலுக்குப் பேர் உண்டா?” என்று கேட்டீர்கள்.

“எம்பேரு தங்கப்பாண்டிங்கய்யா” என்றான் அவன். “நேத்துத்தான சொன்னேன்.”

நீங்கள் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டீர்கள். அந்தக் குனிவை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. செத்ததற்காகவும் மன்னிப்பதாக இல்லை.

படைக்கு வண்டி உண்டா என்பதுதான் தாளில் அடுத்த கேள்வி. நான் இன்ஸ்பெக்டரிடம் வாசித்தது வேறு: “கும்பல் ஒழிக்கப்பட்டதா, அல்லது படையால் முடியவில்லையா?”

“முடியலையாவது. ஒழிச்சாச்சுன்னு எழுதுப்பா.”

“எழுதிரலாம் சார். ஆனா ஒழிச்ச கும்பல் பெஞ்சில உக்காந்து நம்மளயே பாக்குதே. நாளைக்கு டெல்லிக்காரங்க வந்து கேட்டா?”

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். விரலில் மை ஒட்டியது. “எந்திரிச்சு வெரசாப் போங்கடா” என்றார். வாசல் வரை போனவர்களை மறுபடி கூப்பிட்டு, “சேந்து போகாதீங்கடா. நாலு பேரும் நாலு பக்கமாப் போங்க” என்றார்.

வெள்ளோட்டத்தைக் கெடுத்துவிட்டேன் என்று அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பினீர்கள். ஜீப்பில் கிடந்த குல்லாவும் என் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தது. அது நியாயம்தான், கெடுக்கத்தான் செய்தேன். பின்னாளில் மதுரையில் ஒரு நூலகத்தில் உங்கள் அறிக்கை கையில் கிடைத்தது. என் கேள்வி அதில் உங்கள் கேள்வியாகி, களத்தில் நீங்களே கண்டடைந்த அருமையான கேள்வியாகி இருந்தது. பக்கத்திலேயே எங்கள் ஊர். கும்பல்: உண்டு. நிலை: ஒழிக்கப்பட்டது.

ஒழிக்கப்பட்ட கும்பல் நேற்று ராசிங்காபுரத்து மனைவியோடும் பிள்ளைகளோடும் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தது. குல்லாவைப் பார்த்து, “இது அந்தப் பேரு கேட்டவருதுதேன?” என்றது.

“ஆமா மாப்ளே. செத்துப் போனாரு.”

“அப்பிடியா” என்றான். ரசம் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். போகும்போது, பனி நாளில் ஜீப்புக் கண்ணாடி துடைக்க ஆகும் என்று குல்லாவை எடுத்துக்கொண்டான்.

ஆகக் குல்லா போய்விட்டது. அந்த ஸ்டேஷன் பெஞ்சு மட்டும் என் மனசுக்குள் கிடக்கிறது. கணக்கெடுக்க அட்டையும் பென்சிலுமாக யார் வாசலில் வந்து நின்றாலும், பதில் சொல்லுமுன் அதனால் அதில் யார் உட்கார நேரும் என்று பார்த்துக்கொள்கிறேன்.