லிம் ஆன்டி போட்ட கோலம்

ஞாயிறு இரவு, கிள்ளான்

ஈப்போவில மகள் வீட்டுல ஒரு வாரம் இருந்துட்டு இன்னிக்குச் சாயந்தரம் திரும்பினேன். பூட்டின வீடு, நான் தனி ஆள். ஆனா வாசல்ல கோலம் கிடக்கு. பயத்துல கேட்டுக்கு வெளியிலேயே பையை வச்சுட்டு நின்னேன்.

எதிர்வீட்டுச் சீனக்கார லிம் ஆன்டி ஓடி வந்தாங்க. இந்த வாரம் எங்க வரிசையில ரெண்டு வீட்டுல திருடன் புகுந்துட்டானாம். "நீ இருந்தா தினமும் காலையில மாவு போடுவே. மாவு இல்லைன்னா ஆள் இல்லைன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும் லா"ன்னு மலாய்ல சொன்னாங்க. அதனால தினமும் அவங்களே போட்டிருக்காங்க, கோதுமை மாவுல. முட்டிவலிக்காரங்க. குட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போட்டாங்களாம்.

என் வாசலை வேற யாரும் தொட்டா எனக்குப் பிடிக்காது. இன்னிக்கு ஆன்டி கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

ஷாப்பிங் மால்ல போட்டிருந்த ஒரு கோலத்தை எப்பவோ போன்ல படம் எடுத்து வச்சிருந்து, அதைப் பார்த்து வரைஞ்சாங்களாம். மயில் கோழி மாதிரி இருக்கு. ஆன்டிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கீழே இருந்த எழுத்தையும் கோலம்னு நினைச்சு, வளைச்சு வளைச்சு அப்படியே போட்டிருக்காங்க: தீபாவளி வாழ்த்துகள்.

காலையில வாசல் கூட்டணும். தீபாவளிக்கு இன்னும் எத்தனையோ மாசம் இருக்கு.

நாளைக்கு ஒரு நாள் ஆன்டி கோலமே இருக்கட்டும்.