ஷீபாவுக்கு நீச்சலுடை

ஜூன் 14, சனி.

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் என் மனைவி ஷீபா நீச்சல் பழகப் போகிறாள். இரண்டு நீச்சலுடைகளின் படத்தை அனுப்பி, எது தனக்கு எடுப்பாக இருக்கும் என்று போனில் கேட்டாள். நான் காற்றாலைக் காத்தாடிகளைப் பார்க்கும் இன்ஜினியர் அல்லவா, பட்டென்று சொன்னேன்.

"அகலப் பட்டை உள்ளதை எடு, அதுதான் மாரைத் தாங்கும். உனக்கு இடுப்பு பெருசு. கீழ கறுப்பா இருந்தா தெரியாது."

"நான் என்ன காத்தாடியா, லோடு கணக்கு போடுதிய?" என்று சிரித்தாள். பிறகு மெதுவாக, "அந்த இடுப்பு ரெண்டு வருசம் முந்தி நீங்க பாத்ததுல்லா. இப்ப மெலிஞ்சாச்சு," என்றாள்.

தினமும் வீடியோவில் பேசுகிறோம். முகம் மட்டும்தான் தெரிகிறது.

அளவைக் கேட்டேன். மூன்று எண்களை அனுப்பினாள். அவற்றை வைத்து அவளைக் கண்ணுக்குள் நிறுத்திப் பார்க்கிறேன். பழைய ஷீபாதான் வருகிறாள்.