சீனியும் மின்னலும் ஒரு வெள்ளைத் துப்பட்டியும்

கோவில்பட்டி
21.2.1999

அன்பு மகள் விஜிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் மின்னலும் சீனியும் நல்ல சுகம், நீயும் மாப்பிள்ளையும் பூனாவில் அதேபோல் இருக்க செண்பகவல்லி அம்மன் பார்த்துக்கொள்வாள். சீனி யார் என்று இப்போது நெற்றியைச் சுருக்குவாய். தௌலத் பெரியம்மா வீட்டு வெள்ளைப் பூனைதான். நாலு வருஷமாக இரண்டு வீடு தள்ளி இருந்தும் நீ அதன் வாலை மட்டும்தான் பார்த்திருப்பாய், அவ்வளவு கூச்சம் அதற்கு, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய்விடும். அது இப்போது நம் வீட்டுப் பிள்ளை. எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் எதை முதலில் எழுத, எதைப் பிறகு எழுத என்று தெரியவில்லை, அதனால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், நடுவில் குதித்துக் கடைசிப் பக்கத்தைப் படிக்காதே.

பெரியம்மாவின் மகன் அஃப்ஜல் பம்பாயில் இருக்கிறான் இல்லையா, அவன் பெண்டாட்டி ரூபினாவுக்கு எட்டு மாதம். அந்தப் பெண்ணுக்குத் தாய் இல்லை, கூட இருந்து பார்க்க மாமியாரை விட்டால் ஆள் கிடையாது. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அஃப்ஜல் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டான், பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்கால ரயில். ஆனால் ரூபினாவுக்கு மூச்சிரைப்பு உண்டு, பூனை முடி ஆகவே ஆகாது. சீனியோ செத்துப்போன பீர் முகம்மது பெரியப்பா மடியில் வளர்ந்த பூனை. பெரியம்மா நாலைந்து வீட்டில் கேட்டுப் பார்த்துவிட்டு கடைசியில் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை, நான் வளர்க்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லைதான். அதற்கும் பெரியம்மா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "உன் வீட்டுல அது ஒரு வாய் திங்குறதை என் கண்ணால பாத்தாத்தான் நான் ரயில் ஏறுவேன் பேபி, இல்லைன்னா டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டாள். கிழிக்கக்கூடிய ஆள்தான் அவள், உனக்குத் தெரியாதா. அங்கே பிள்ளைத்தாய்ச்சி ஒற்றையில் கிடப்பாளே என்பதுதான் எனக்குக் கவலை.

பூனை வந்தது ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த உன் அப்பா, பின்கட்டில் கடலை மூட்டைகளை எலி கடிப்பதை நான் ஞாபகப்படுத்தியதும் தலைமேல் எடுத்துப் போட்டுக்கொண்டு செய்ய ஆரம்பித்துவிட்டார். ஒரு கடலைச் சாக்கை எடுத்துக்கொண்டு போய் சீனியை அதில் போட்டுத் தூக்கி வந்தார். புதுக் கோழி வந்தால் அம்மியைச் சுற்றி விடுவோமே, வீடு மாறிப் போகக் கூடாது என்று, அந்த முறைப்படி சாக்கோடு மூன்று சுற்றும் சுற்றினார். அதோடு விட்டிருக்கலாம். நாயும் பூனையும் முதலிலேயே முகம் பார்த்துக்கொண்டால் சண்டை வராது என்று யோசனை பண்ணி, மின்னலின் சங்கிலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அதன் மூக்குக்கு நேராகவே சாக்கின் வாயை அவிழ்த்துவிட்டார். நான் வேண்டாம் என்றதற்கு, நான்தான் பிடித்திருக்கிறேனே என்றார். அவர் பிடித்த லட்சணம், கண்ணை மூடித் திறப்பதற்குள் சங்கிலி நாயோடு போய்விட்டது, அவர் ஆட்டுக்கல் பக்கத்தில் குப்புறக் கிடந்தார், முழங்கையில் மட்டும் சிராய்ப்பு, பயப்படாதே. சீனி சுவரில் எப்படி ஏறியது என்று இன்றுவரை தெரியவில்லை, பரணில் இருந்த இட்லிச் சட்டி, குத்துப்போணி எல்லாம் கீழே வந்துவிட்டன, அது மட்டும் மேலேயே தங்கிவிட்டது. மறுநாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெரியம்மா இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டாள், இரண்டு தடவையும் தூங்குகிறது என்று பொய் சொன்னேன்.

இனி கேள், இதுதான் விஷயம். திங்கட்கிழமை மின்னல் பரணை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை, கஞ்சியைக் குடித்துவிட்டு வெயிலில் படுத்திருந்தது. பூனையைத் தின்ன நினைக்கிற நாய் இப்படியா கிடக்கும் என்று எனக்கு யோசனையாக இருந்தது. அப்போது வெறும் சாக்கு ஒன்றை உதறலாம் என்று எடுத்தேன் பார், படுத்திருந்த நாய் பாய்ந்து வந்து என் முன்னால் நின்றது, முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க, கண்ணு மட்டும் சாக்கின் வாயில். நான் உதறினேன், ஒன்றும் விழவில்லை, ஆனாலும் அது வாசல்வரை ஓடிப்போய் எதையோ தேடிவிட்டு வந்தது. செவ்வாய்க்கிழமை எப்போதும்வென்றான் ஊரிலிருந்து பெருமாள்சாமி மாமா மார்க்கெட்டில் மிளகாய் வத்தல் போட வந்தான். உன் கல்யாணத்துக்கு இந்தக் கன்னி ஜாதி வேட்டை நாயைச் சீதனம் என்று கொண்டுவந்து நிறுத்தியவன் அவன்தானே, பிளாட்டில் வைக்க முடியாது என்று மாப்பிள்ளை சொன்னதால் அல்லவா அது என் தலையில் விழுந்தது. அவனிடம் கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "குட்டியில முயலைச் சாக்குல கொண்டாந்து முன்னால அவுத்துவிட்டுத்தானக்கா பழக்குனோம், சாக்கு அவுந்தா விரட்டணும்னுல்லா அது நெனைக்கி" என்கிறான். இதைச் சீதனம் கொடுக்கும்போதே சொல்லித் தொலைக்க என்ன என்று நான் கொடுத்த கொடுப்பில் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டான்.

அவனைத் திட்டினாலும் எனக்கு உயிர் வந்துவிட்டது. அன்றைக்கே வீட்டுக்குள் சாக்கு அவிழ்க்கக் கூடாது என்று உன் அப்பாவுக்கு உத்தரவு போட்டேன், பாவம், ஒரு வாரமாகக் கடலையைத் தெருவில் நின்று பிரித்து அண்டாவில் சுமந்தார். சீனியைப் பரணிலிருந்து இறக்கி சின்ன அறையில் விட்டுக் கதவை அடைத்தேன். பெரியம்மா வெளியே போனால் போர்த்திக்கொள்ளும் பழைய வெள்ளைத் துப்பட்டி ஒன்றை வாங்கி இரண்டாகக் கிழித்து, ஒரு பாதி அறைக்குள் பூனைக்கு, ஒரு பாதி வெளியே நாய்க்கு. மறுநாள் காலையில் அதை மாற்றிப் போட்டேன், இதன் வாடை அதற்கு, அதன் வாடை இதற்கு. சாப்பாடும் கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. புதன்கிழமை மத்தியானம் கதவிடுக்கில் ஒரு வெள்ளைக் கால் மட்டும் வெளியே வந்து மின்னலின் மூக்கைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டது, எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். வியாழக்கிழமை நாயை ஆட்டுக்கல்லில் கட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தேன். சீனி வெளியே வந்து அரிசி டிரம்மில் ஏறி உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தது, மின்னல் ஒரு கொட்டாவி விட்டது, அவ்வளவுதான். ஆனால் வாய்க்கு எதுவும் வைக்கவில்லை, கதவைச் சாத்தினால்தான் கொஞ்சம் நக்கும்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பெரியம்மா ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை, வாசல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முற்றத்தில் நாய்க்குத் தயிர்ச்சோறு, நாலு முழம் தள்ளி சீனிக்கு சாளை மீன். உன் அப்பா இந்த முறை சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சீனி ஓரமாகவே வந்து தட்டுப் பக்கம் நின்றது. மின்னல் தலையைத் தூக்கியது. சீனி அப்படியே உறைந்து நின்றது, ஓடினால் போச்சு, ஓடுகிற எதையும் விடுகிற நாய் இல்லையே அது, நான் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மின்னல் ஒருதடவை மோந்து பார்த்துவிட்டு மறுபடி சோற்றில் வாயை வைத்துவிட்டது. சீனி குனிந்து மீனைத் தின்ன ஆரம்பித்தது, விஜி, தலையோடு முழு மீனையும் தின்றது. நான் வாசலுக்கு ஓடிப்போய், ஒருதடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள் அக்கா என்றேன். பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். "நான் கூப்புட்டா வந்துரும்டி. வேண்டாம்" என்றாள், அதையும் காதோடுதான் சொன்னாள், சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று. அப்படியே போய் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு நாலு நாள் சாயங்காலமானால் சீனி வாசல்படியில் உட்கார்ந்து கத்தியது, மறைக்காமல் சொல்கிறேன். ஐந்தாம் நாள் புதன்கிழமை பார்த்தால் மின்னல் வயிற்றோரம் துப்பட்டியில் சுருண்டு தூங்குகிறது, நாய் எழுந்திருக்க முடியாமல் என்னைப் பாவமாகப் பார்க்கிறது. உன் அப்பா சட்டைகூட மாட்டாமல் ஓடிப்போய் ஸ்டூடியோ நந்தகோபாலைக் கூட்டிவந்துவிட்டார். இதோடு வைத்திருக்கும் போட்டோ அதுதான், ஓரத்தில் தெரிவது உன் அப்பாவின் கால்.

இப்போது உனக்கு ஒரு வேலை. மாப்பிள்ளைக்கு லீவு உள்ள ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து இரண்டு பேரும் பம்பாய்க்கு ஒரு நடை போய், போட்டோவைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், அஃப்ஜல் விலாசம் போட்டோவுக்குப் பின்னால் இருக்கிறது. நான் தபாலில் அனுப்பினால் அவள் மனசு ஆறாது, பக்கத்தில் உட்கார்ந்து நம் ஊர்ப் பேச்சில் ஒருத்தி சொல்ல வேண்டும். ரூபினாவுக்கு வெறுங்கையோடு போகாதே, பழம் வாங்கிக்கொள். சீனி என்னைத் தேடுதா என்று பெரியம்மா கட்டாயம் கேட்பாள். தேடுகிறது என்றால் அழுவாள், தேடவில்லை என்றால் அதைவிட அழுவாள். நீ ரயில் ஏறிப்போன நாளிலிருந்து நானும் போனில் உன்னிடம் அதைக் கேட்காமல், சாப்பிட்டாயா சாப்பிட்டாயா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீயும் பெரியம்மாவிடம் சாப்பிடுகிறது, நன்றாகச் சாப்பிடுகிறது என்று மட்டும் சொல்.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. போட்டோவை மடித்துவிடாதே, ஒரு காப்பிதான் போட்டோம்.

உன் பிரியமுள்ள அம்மா,
பேபி பூவனநாதன்