நெடியாளுக்கு மேற்பல் இல்லை

நிறுத்துக.

கூவிளையாற்றில் இறக்கிய படகுகளைத் திருப்புக. துடுப்புப் பிடித்த கை அப்படியே நிற்க. கொம்பு ஊத வாயெடுத்தவன் வாயை மூடுக. வாழ்த்தை முன்னே வைத்து ஆணையைப் பின்னே வைப்பதே ஓலை மரபு. ஆயினும் இவ்வோலை வந்து சேரும் வேளையில் உமது முதற்படகு நடு ஆற்றில் இருக்கக்கூடும் என்பதால் மரபைத் தலைகீழாகப் பிடித்தோம், பொறுத்தருள்க. படகு கரை தொட்டபின் ஆட்களை விலக்கிவிட்டுத் தனியே அமர்ந்து மேலே படிக்க.

இனி மரபு.

ஏழ்மலை அரணாகவும் கூவிளையாறு அகழியாகவும் அமைந்த கார்வேலி நாட்டை, சிங்க முழக்கம் கேட்டு அரியணை ஏறிச் செங்கோல் பிடிக்கும் இளவேள் பெருநற்கோ அவர்களின் மூத்த அமைச்சன் ஓரையூர்ப் பெருஞ்சாத்தன், ஆற்றங்கரைக் கோட்டைக் காவலரும், மூன்று போரில் முதுகு காட்டாதவரும், நாலாயிரம் வேலுக்குத் தலைவருமாகிய தழும்பன் வில்லவரையருக்கு விடுக்கும் ஓலை. உமது மதிலில் புல் முளையாதிருக்க. உமது இல்லத்து அடுப்பு அணையாதிருக்க. உமது வேல் துருப்பிடித்துக் கிடக்க. கடைசி வாழ்த்துக்கு முகம் சுளிப்பீர். படித்து முடித்தபின் சுளிக்கமாட்டீர்.

நேற்று உமது ஓலை கண்டோம். சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தீர்: தூதர் நன்னாகனார் பொய்யர், அக்கரையில் நம் ஒட்டகச்சிவிங்கி செத்து மூன்றாண்டு ஆகிறது, அதன் பொய்த்தலையைச் சுமந்தவனே உமது கோட்டைக்கு ஓடிவந்து வாயால் சொல்லிவிட்டான், மன்னரின் மோதிரமே வந்து தடுத்தாலும் நாளை வெள்ளி முளைக்கையில் ஆறு கடப்பீர்.

எழுதியது அத்தனையும் உண்மை. நன்னாகனார் பொய்தான் சொன்னார். அவர் பொய் சொன்ன கதையை, அவர் நம்மிடம் சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல் கீழே தருகிறோம்.

பதினாறு ஆண்டுக்கு முன் இரு கரையும் பிணம் சுமந்து சலித்தபோது உடன்படிக்கை பேசினோம். பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம் என்றார்கள். கொடுத்தும் எடுத்தும் போர் வந்ததை இரு குடியும் முன்பே பார்த்தாயிற்று. ஆகவே விலங்கைப் பிணை வைத்தோம். மேலைக்கடல் வணிகர் நம் பழைய மன்னருக்குக் கொண்டுவந்த நெடியாள் என்னும் ஒட்டகச்சிவிங்கி அக்கரைச் செந்தாழை நாட்டுக்குப் போனது. அவர்களிடம் குட்டியாக வந்து வளர்ந்த செம்மயிரான் என்னும் சிங்கம் நம்மிடம் வந்தது. பிணை விலங்கு ஒரு கரையில் மாண்டால், அதைக் கொடுத்த கரை படையோடு ஆறு கடக்கலாம் என்பது உடன்படிக்கை.

காணாத நாட்டு விலங்கு ஒன்று முற்றத்தில் நின்றால், மன்னன் கை அந்த நாடு வரைக்கும் நீளும் என்று சனம் நம்புகிறது. அரசு என்பது பாதி வேல், பாதி வேடிக்கை. அங்கே மதிலுக்கு மேல் நெடியாளின் தலை தெரிந்தால்தான் சந்தை கூடும். இங்கே விடியலில் செம்மயிரான் முழங்கினால்தான் கோட்டைக் கதவு திறக்கும். நமது சிங்கக் கோட்டத்துக்குள் காவலனும் அமைச்சனும் தவிர மன்னரே ஆனாலும் நுழையலாகாது என்பது முறை. அந்த முறையை வைத்தவன் யார், எப்போது வைத்தான் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நெடியாள் மாண்டாள் என்ற வதந்தி வந்ததும் மன்னர் நன்னாகனாரை அனுப்பினார். அரண்மனை ஆனிரைக்குத் தலைவர் அவர். கப்பலிலிருந்து நடுங்கிக்கொண்டு இறங்கிய நெடியாளுக்குப் பதினொரு பசுவின் பால் கறந்து ஊட்டியவரும் அவரே. கண்டு வந்து உப்புச் சான்று சொல்லவேண்டும். நாவில் உப்புக்கல்லை வைத்து, அது கரைவதற்குள் கண்டதைச் சொல்லும் வழக்கம் இரு கரைக்கும் பொது என்பதை நீர் அறிவீர். அவர் வாயில் நாலாயிரம் பேரின் உயிர் இருந்தது. அக்கரையில் எத்தனை உயிர் என்று எண்ணியவர் இல்லை.

அந்தி வெயிலில் செந்தாழைத் தலைநகரின் மதிலடியில் நன்னாகனார் நின்றார். தலை தெரிந்தது. அதே புள்ளி, அதே காது, அதே குட்டைக் கொம்பு. மதிலுக்கு மேலே மெல்ல நகர்ந்து, வேலமரத்தருகே நின்று, குனிந்து, நிமிர்ந்தது. சனம் கைகூப்பியது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மடியிலிருந்து உப்புக்கட்டியை எடுத்து உயர்த்திப் பிடித்து, பழைய பழக்கத்தில் நாக்கைச் சொடுக்கினார். உப்புக்கு உயிரை விடுகிறவள் நெடியாள், பத்து வீதி தாண்டியும் வருவாள்.

தலை திரும்பவில்லை. அவரைத் தாண்டிப் போயிற்று. அப்போதுதான் அதன் திறந்த வாய்க்குள் வெயில் விழுந்தது.

“அண்ணாந்தது போதும் ஆனிரைக்காரரே, கழுத்து சுளுக்கிக்கொள்ளும்” என்று பின்னால் ஒரு குரல். விலங்குத் தோட்டத்தின் காவற்பெண் ஆழிச்சி. உப்பளத்துக் குடியில் பிறந்து, நரைத்த தலையும் நேர்ப்பார்வையுமாக நின்றாளாம்.

“உள்ளே விடு அம்மா.”

“தூதர் வெளியே நின்று பார்ப்பதுதான் முறை.”

“யார் வைத்த முறை?”

“உங்கள் ஊரைப் பார்த்துத்தான் வைத்தோம்.”

நன்னாகனாருக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “மேல்வாயில் முன்பல் முளைத்திருக்கிறதே, இந்த வயதிலா முளைத்தது?” என்று கேட்டார்.

அசைபோடும் மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது என்பது மாடு மேய்த்த எவனுக்கும் தெரியும். நெடியாளுக்கும் கிடையாது. அவர் விரலைச் சப்பிப் பால் குடித்தவள் அவள்.

ஆழிச்சி மதிலை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, “எத்தனை?” என்றாள்.

“எட்டு எண்ணினேன்.”

“பாவிப் பயல்! போன மழையில் தாடை உளுத்துவிட்டது. கோயில் வாகனம் செய்கிற தச்சனை வைத்துச் சீர்செய்தேன். பல் இல்லாத வாகனம் உலாவுக்கு ஆகாது என்று அடம்பிடித்து அவன் வைத்த பல் அது. ஊரே பார்த்தது, ஒருவருக்கும் தோன்றவில்லை. நீர் வருவீர் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.”

உள்ளே அழைத்துப் போனாள். மூங்கிற் சட்டம், அதன்மேல் நெடியாளின் சொந்தத் தோல். சுமந்த இருவரும் அதைப் புல்லில் கிடத்திவிட்டு வியர்வை துடைத்தார்கள். வேலமரத்தடியில் நீளமான மண்மேடு.

“கழிச்சல் கண்டது. ஒன்பது நாள். தலையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றால் அவ்வளவு பெரிய தலை எந்த மடியில் அடங்கும்? கழுத்தின்மேல் நான் படுத்திருந்தேன். கடைசியில் நாக்கைச் சொடுக்கிப் பார்த்தேன், உம்மைப்போல. காது மட்டும் அசைந்தது.”

நன்னாகனார் மேட்டின்மேல் உப்புக்கட்டியை வைத்தார். நிமிர்ந்தபோது மதிலைப் பார்த்தார். சட்டம் புல்லில் கிடக்கிறது, சுமந்தவர் உட்கார்ந்திருக்கிறார்கள், மதிலின்மேல் அந்தி வெயிலில் நீண்ட கழுத்தின் நிழல் ஒன்று நடக்கிறது. வேலமரத்தருகே வந்து நின்றது. குனிந்தது. ஏணி எட்டாத உச்சிக் கிளை ஒன்று தானாக வளைந்து விடுபட்டது.

“தினமும் இந்த வேளைக்கு” என்றாள் ஆழிச்சி. “இந்த இருவரில் ஒருவன் இன்றைக்கோ நாளைக்கோ ஓடிவிடுவான்.”

வில்லவரையரே, உம்மிடம் ஓடிவந்தவனை, என்ன கண்டாய் என்று கேட்டீர். எதற்கு ஓடிவந்தாய் என்று கேட்டீரா? இப்போது கேட்டுப் பாரும். அந்தி வெயிலில் மதிலோரம் நிற்க வைத்துக் கேளும்.

ஆழிச்சி அவருக்குக் கஞ்சி கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் அவருக்கு வியப்பு. உப்பளத்தில் பிறந்தவள் கஞ்சிக்கு உப்பிட மறந்திருந்தாள். துக்கம் என்று எண்ணிக் கேளாமல் குடித்தார். வாசல் வரை வந்தவள் மெல்லக் கேட்டாள்: “எங்கள் செம்மயிரான் முழங்குகிறதா?”

“ஏழு வீதிக்கும் கேட்கும்.”

“முழங்கி ஓய்ந்ததும் இருமுகிறதா?”

“இருமலா?”

“சிங்கம் சட்டென்று ஓயாது ஐயா. முழக்கம் முடிந்தபின் இருமுவதுபோல் ஏழெட்டு உறுமல், இறங்கி இறங்கி வரும். என் கையளவு குட்டியாய் இருந்தபோதே அதற்கு அப்படித்தான். ஊருக்குப் போனால் கேட்டுப் பாரும்.”

கேட்டார். ஊர் திரும்பிய மறுநாள் விடியலில், மன்னர் முன் போகுமுன், நமது சிங்கக் கோட்டத்து வாசலில் வந்து நின்றார். நாம் தடுத்தோம். “அமைச்சரே, ஒரு முழக்கம் கேட்டுவிட்டுப் போகிறேன், காதுக்கு என்ன காவல்?” என்றார். முழக்கம் எழுந்தது. கற்சுவர் அதிர்ந்தது. ஓய்ந்தது. பின்னர் இருமல் வந்தது, ஏழு உறுமல், இறங்கி இறங்கி.

“அப்பாடா, உயிரோடு இருக்கிறது” என்றார் நன்னாகனார்.

அந்த ‘அப்பாடா’ நம்மைச் சுட்டது. ஆறு ஆண்டாகப் பிறருக்குத் திறக்காத கதவை அவருக்குத் திறந்தோம்.

உள்ளே சிங்கம் இல்லை. கற்குகையின் வாயில் பெரிய உறுமி மேளம் ஒன்றைக் கீழே வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்தபடி காவலன் காரியன் உட்கார்ந்திருந்தான். செம்மயிரான் ஆறாண்டுக்கு முன்பே மாண்டுவிட்டது. நெடியாளுக்கும் முன்பு. மறைக்கச் சொன்னவனும் முறை வைத்தவனும் இவ்வோலை விடுக்கும் முதியோனே. உறுமி இழுப்பவன் காரியன்.

“இருமலும் நன்றாய் இழுக்கிறாய்” என்றார் நன்னாகனார்.

காரியன் நம்மைப் பார்த்தான். “அது நான் இல்லை ஐயா. என் கை ஓய்ந்தபிறகு வருவது. முதல் ஓராண்டு இல்லை. ஐந்தாண்டாக ஒருநாள் தவறாமல் வருகிறது.”

குகைக்குள் பார்த்தோம். உலர்ந்த வைக்கோல், நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் வெதுவெதுப்பாக இருந்தது என்கிறார் நன்னாகனார். நாம் தொடவில்லை.

அன்று காலை பேரவையில் அவர் நாவில் உப்புக்கல் வைக்கப்பட்டது. மன்னர் முன்னே குனிந்தார். படைத்தலைவர்கள் உறையில் கைவைத்தார்கள். நன்னாகனார் வாயைத் திறக்கவில்லை. கல் கரைவது அவர் தாடையில் தெரிந்தது. இனி மணலளவுதான் மிச்சம் என்றபோது, “கண்டேன். அந்தியில் மதிலோரம் நடந்து வேலந்தழை தின்றது” என்றார். மன்னர் சாய்ந்து அமர்ந்தார். படை வேண்டாம் என்றார். அந்த ஆணையைத்தான் நீர் மீறப் புறப்பட்டீர்.

வீட்டுக்குப் போனதும் நன்னாகனார் உப்புச் சாடியைத் தூக்கி வாசலில் வைத்தாராம். உப்பின்மேல் பொய்த்தவன் சாகும் வரை உப்புத் தொடலாகாது. தொட்டால் அந்தப் பொய் ஏழு தலைமுறையைத் தின்னும். மனைவி வெறுஞ்சோறு போட்டாள். முதற் கவளத்தை வாயில் வைத்தவர் அப்படியே எழுந்து, கைகூடக் கழுவாமல் நம்மிடம் ஓடிவந்தார். ஓடிவந்து கேட்டது ஒரே கேள்வி. அதை முத்திரைக்குக் கீழே எழுதுகிறோம்.

ஆகவே ஆணை: படை கோட்டைக்குத் திரும்புக. ஓடிவந்தவனுக்குச் சோறும் ஆற்றுக்கு இப்பாலே ஒரு குடிசையும் தருக. அவன் சொன்னதைக் கேட்ட காதுகள் எவையெவையோ அவற்றை உமது சொல்லால் மூடுக. இவ்வோலையை அடுப்பிலிட்டு, அது எரிந்து தீரும் வரை அருகே நிற்க. சிங்க முத்திரை இதற்குப் பொருந்தாது என்பதால் நமது வலக்கைப் பெருவிரலை மையில் தோய்த்து இட்டோம். மழை பொய்யாதிருக்க, மன்னர் வாழ்க, ஆறு இரு கரைக்கும் நடுவிலேயே ஓடுக.

முத்திரைக்கு மேலே எழுதியது ஆணை. கீழே வருவது சான்று.

நன்னாகனார் கேட்டது இதுதான்: “ஐந்தாண்டுக்கு முன் செம்மயிரானின் முழக்கம் கேட்டுச் சான்று சொல்ல அக்கரையிலிருந்து வந்தது யார்?”

உமக்கு அந்த ஆண்டு நினைவிருக்கும், கொள்ளைநோய் ஆண்டு. உமது கோட்டையில் எழுந்து நிற்க நாற்பது பேர் இல்லை. நீரே பாயில் கிடந்தீர், உமது மூன்று பிள்ளைகளும் பக்கத்தில் கிடந்தார்கள். அக்கரையில் ஆறாயிரம் பேர் படகில் ஏறி, ஒரு சொல்லுக்குக் காத்திருந்தார்கள். வந்தவள் ஒரு பெண். நமது கோட்டத்து வாசலில் நின்று காரியன் இழுத்த முழக்கத்தைக் கேட்டாள். ஓய்ந்தபின்னும் காதைக் கதவில் வைத்து வெகுநேரம் காத்திருந்தாள். அன்றைக்கு இருமல் வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் ஆறு கடந்துபோய், தன் மன்னர் முன் நாவில் உப்பை வைத்து, ‘கேட்டேன், உயிரோடு இருக்கிறது’ என்றாள்.

அவள் பெயர் ஆழிச்சி.