சக்கரத்தில் சிக்கிய சுங்குடி

ரோட்டர்டாம்

அன்பு அம்மாவுக்கு ஸ்வாதி வணக்கத்துடன் எழுதுகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? மேலகரத்தில் சாரல் தொடங்கிவிட்டதா? போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் கடிதம்.

இங்கே ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில்தான் போகிறேன். புதன்கிழமை, உன் சுங்குடிச் சேலையை வெட்டித் தைத்துக் கொடுத்தாயே, அந்தச் சுடிதாரைப் போட்டிருந்தேன். துப்பட்டா பின்சக்கரத்தில் சுற்றிக் கீழே விழுந்துவிட்டேன். முழங்கையில் சின்னச் சிராய்ப்புதான், பயப்படாதே. கூட வேலை பார்க்கும் செங்கோட்டை பேச்சித்தாய் அக்கா ஓடிவந்து பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வெட்டாதீங்கக்கா, அது அம்மா சேல" என்றேன்.

"ஏட்டி, கழுத்த இறுக்குது. சேலயா பெருசு?" என்று வெட்டிவிட்டாள்.

"நான் இத உடுத்தி எங்கட்டி போவப்போறேன்?" என்று நீ சொன்ன அன்றே தடுத்திருக்க வேண்டும். நீ ஆசையாக எடுத்த சேலை அது ஒன்றுதான். அதை நீ உடுத்திப் பார்க்கவே இல்லை.

சைக்கிளுக்கென்று இரண்டு காட்டன் பேண்ட் தைத்து அனுப்பு. இடுப்பில் எலாஸ்டிக், தொடையில் தளர்வு, கணுக்காலில் பிடிப்பு இருக்கட்டும். இங்கே கடையிலும் கிடைக்கும். நீ தைத்தது வேண்டும்போல இருக்கிறது.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. துணியைத் தென்காசியில் புதிதாக எடு அம்மா. உன் பீரோவைத் திறக்காதே.

ஸ்வாதி